கோல்டர் ஓடையில் பின்வாங்கிய படை

வேட் ஸ்டிகல் தன் சாம்பல்நிறத் தொப்பியைக் கழற்றிக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு ஆள் ஆளாக வந்தான். தொப்பிக்குள் ஒரு சீட்டுக்கட்டு. கறுப்புச் சீட்டு எடுத்தவன் இன்றைய சண்டையில் சாக வேண்டும். சிவப்பு எடுத்தவனுக்கு ஆயுசு கெட்டி. பூங்காவின் வண்டி நிறுத்தத்தில், பிக்கப் வண்டிகளுக்கு நடுவில், கம்பளிச் சட்டைக்குள் காலையிலேயே வேர்த்து ஊற்ற நின்ற, பழைய போரை நடித்துக் காட்டுகிற இரண்டு பட்டாளமும் தங்கள் விதியை வருஷா வருஷம் இப்படித்தான் பொறுக்கிக்கொண்டன. நீலப் பட்டாளத்தை நடத்துகிற ஹோரெஸ் கிட்டிரெல் கைவிட்டு எடுத்தது ஹார்ட்டின் ஒன்பது. பிழைத்தார். சீட்டை ஒருதரம் பார்த்துவிட்டு நீலச் சட்டையின் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அவருக்கு அடுத்து நின்ற, தேவாலயத்து டீக்கனான பர்னலுக்கு ஸ்பேடு ராணி வந்தது. மற்ற வருஷமாக இருந்தால் பர்னல் அந்த ராணிக்கு முத்தம் கொடுத்திருப்பார். பெரிய சரீரம், முட்டி இரண்டும் தேய்ந்துபோனவை. முதல் நிறுத்தத்திலேயே ஓக் மரத்து நிழலாகப் பார்த்து குண்டடிபட்டு விழுந்து, தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு, பியூகிள் ஊதும்வரை தூங்குவதற்காகவே இந்த மனுஷர் பட்டாளத்தில் சேர்ந்தார் என்று ஊரில் பேச்சு. ஒரு வருஷம் செத்தவர் விட்ட குறட்டை கூட்டம் முழுக்கக் கேட்டுவிட்டது. அப்பேர்ப்பட்டவர் இந்தத் தடவை ராணியைத் திருப்பித் தொப்பிக்குள் போட்டு, வேறு சீட்டு எடுக்கிறேன் என்றார். வேட் சிரித்தான். உடம்புக்கு என்ன ஆச்சு டீக்கன் என்று கேட்டுக்கொண்டே மறுபடி நீட்டினான். இரண்டாவது முறை சிவப்பு வந்தது. பர்னல் ஹோரெஸைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தார்.

ஹோரெஸ் அந்த மாவட்டத்தில் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பூங்காவுக்கு வந்து இறங்கிக்கொண்டிருந்த கூட்டத்தில் பாதிப் பேரை அவர் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பார்த்துப் பார்த்து வளர்த்திருந்தார். யார் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஜன்னலில் எச்சில் துப்புவான், யார் வளைவு வந்தால் வாந்தி எடுப்பாள், எல்லாம் மனப்பாடம். அவர்கள் இப்போது பிள்ளை குட்டிகளோடு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, "மிஸ்டர் ஹோரெஸ், இன்னிக்கு உயிரோடயா, பொணமா?" என்று விசாரித்தார்கள். உயிரோடுதான் என்றார். பொய்யில்லை, சீட்டு பைக்குள் இருந்தது.

அந்த ஓடைக்கரையில் 1864ஆம் வருஷ வசந்தத்தில், வடக்கும் தெற்கும் மோதின அமெரிக்க உள்நாட்டுப் போரில் நடந்தது என்னவென்று கேட்டால், அந்த ஊரில் தெரியாத ஆள் கிடையாது. சொல்லும் ஆள்தான் கிடையாது. கோல்டர் ஓடையின் தரைப்பாலத்தைக் காவல் காத்தது நீலச் சட்டை போட்ட கறுப்பர் காலாட்படை. முந்தின வருஷம்வரை பருத்திக்காட்டில் அடிமையாகக் கிடந்தவர்கள், ஓடிப்போய்ப் பட்டாளத்தில் சேர்ந்து துப்பாக்கியோடு திரும்பி வந்திருந்தார்கள். அடிமைமுறைக்காகச் சண்டை போட்ட தென்மாநிலங்களின் சாம்பல் சட்டைக் குதிரைப்படை காட்டுப்பாதை வழியாக வந்து இறங்கியது. மதியம்வரை சண்டை. வெடிமருந்து தீர்ந்ததும் நீலச் சட்டைக்காரர்கள் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கினார்கள். தூக்கின கையோடு அத்தனை பேரையும் பாலத்தின் மேலேயே நிற்கவைத்துச் சுட்டார்கள். ஹோரெஸின் கொள்ளுத்தாத்தா ஐஷம் மட்டும் தன் அண்ணனுடைய பிணத்துக்கு அடியில் பிணமாகவே படுத்துக் கிடந்து, இருட்டின பிறகு தண்ணீரில் நழுவித் தப்பித்தார். அவர் அன்றைக்கு ஒருதரம் தும்மியிருந்தால் கிட்டிரெல் என்று ஒரு குடும்பமே இல்லை. இந்தக் கதை ஹோரெஸ் வீட்டில் சாப்பாட்டு மேஜையில் உப்பு மாதிரி எப்போதும் இருந்தது.

பூங்காவில் நடத்திக் காட்டுகிற சண்டையில் இது கிடையாது. அங்கே சண்டை நடைபாதையோடு நகரும், ஜனங்களும் கூடவே நகர்வார்கள். முதலில் ஓக் சரிவில் ஒரு மோதல், பிறகு பழைய மாவு மில் அருகே ஒன்று, கடைசியில் தரைப்பாலம். பாலத்துக்கு வந்ததும் நீலச் சட்டைக்காரர்கள் நாலு வெடி வெடித்துவிட்டு அந்தப் பக்கக் குன்றில் ஏறி ஓடிவிட வேண்டும். அவர்கள் பின்வாங்கிவிட்டார்களாம். உடனே பியூகிள் ஊதுவார்கள். அங்கங்கே செத்துக் கிடந்தவர்கள் எல்லாம் எழுந்து, புல்லைத் தட்டிவிட்டுக்கொண்டு வருவார்கள். ஓடினவர்களும் குன்றிலிருந்து இறங்கி வருவார்கள். நீலமும் சாம்பலும் பாலத்து நடுவில் கைகுலுக்கும். கைதட்டல். அப்புறம் ஜனங்கள் பாலத்தைத் தாண்டி அக்கரைக் கூடாரங்களுக்குச் சாப்பிடப் போவார்கள். பன்றிக்கறி, பொரித்த மீன், சோளரொட்டி, இனிப்புத் தேநீர். எந்தப் பாலத்தில் சுட்டார்களோ அந்தப் பாலத்தில் கைகுலுக்கல்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, இவர்கள் சோறுகூடப் போடாமல் மறைத்தார்கள்.

ஹோரெஸ் பல வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டுதான் கை கொடுத்தார். அந்த நீலச் சட்டை அங்கே வருவதே பெரிசு, அதை விட்டுவிட்டால் கறுப்பர் படை என்று ஒன்று இருந்ததே மறந்துபோகும் என்று நினைத்தார். இந்த வருஷம் பூங்கா நண்பர்கள் சங்கம் நடைபாதை நெடுகப் புதுசாகப் பலகைகள் நட்டது. நல்ல கனமான பலகைகள், வெயிலுக்கும் மழைக்கும் மங்காத எழுத்து. பாலத்தடிப் பலகையில் நாலு வரி குதிரைகளைப் பற்றி, இரண்டு வரி ஓடையின் மீன்களைப் பற்றி, கடைசியாக ஒரு வரி: மதியத்துக்குள் காவல் படை பின்வாங்கியது. ஹோரெஸ் அதை முதல் தடவை படித்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். நடிப்பு வருஷத்துக்கு ஒரு நாள், சாயங்காலம் கலைந்துவிடும். பலகை தினமும் நின்று பொய் சொல்லும், அவர் செத்த பிறகும் சொல்லும்.

சங்கத்துத் தலைவி மிஸ் கார்லீன் ஹாப்குட்டிடம் போய்க் கேட்டார். அவர் அந்தம்மாவை மிஸ் கார்லீன் என்பார். அந்தம்மா அவரை வெறும் ஹோரெஸ் என்பார். வயதில் இவர்தான் மூத்தவர், ஆனாலும் அந்தம்மா வெள்ளைக்காரர், அது அந்த ஊர் மரியாதைக் கணக்கு. அந்தம்மா கதவைத் திறந்து, உட்காரவைத்து, பீச் பழக் கேக் வெட்டிக் கொடுத்தார். பேச்சில் வெண்ணெய் வழிந்தது. தான் எதையும் மறுக்கவில்லை என்றார், தனக்கும் தெரிந்த சங்கதிதான் என்றார். ஆனால் அது குடும்பத்தோடு வருகிற நாள், குழந்தைகள் படிக்கிற பலகை, அதில் போய் இதை எழுதுவதா?

"பாலத்துல செத்தவங்களும் யாரோ பெத்த குழந்தைங்கதான், மிஸ் கார்லீன்," என்றார் ஹோரெஸ்.

அந்தம்மா முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு, அடுத்த வருஷம் கமிட்டியில் வைத்துப் பார்க்கலாம் என்றார். அடுத்த வருஷம் என்கிற வருஷம் அந்த ஊர்க் காலண்டரில் வந்ததே இல்லை. ஹோரெஸ் கேக்கை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

புதன்கிழமை பைபிள் வகுப்பு முடிந்ததும் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் அவருடைய ஆட்களைக் கூட்டினார். எல்லோரும் மீன் தின்றுகொண்டிருந்தார்கள். அவர் சொன்னது இதுதான்: இந்தத் தடவை குன்றுக்கு ஓட வேண்டாம். பாலத்தில் துப்பாக்கியைக் கீழே வைப்போம், கையைத் தூக்குவோம், விழுவோம். பியூகிள் ஊதினால் எழுந்திருக்க மாட்டோம். யாருக்கும் கட்டாயம் இல்லை, வேலை வெட்டிக்குப் பங்கம் வரும் என்று பயப்படுகிறவர்கள் வழக்கம்போல ஓடலாம், யாரும் குறை சொல்லப் போவதில்லை. பர்னல் வாயிலிருந்த முள்ளைத் துப்பினார்.

"எந்திரிக்கவே கூடாதா?" என்றார் டீக்கன் பர்னல்.

"கூடாது."

"அப்போ எனக்குச் சம்மதம். எந்திரிக்கிறதுதான் எனக்கு எப்பவும் கஷ்டம்."

சிரித்து ஓய்ந்த பிறகு கோர்டெல் மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாவட்டச் சாலைத் துறையில் வேலை, இன்னும் நிரந்தரமாகவில்லை. மேலதிகாரி சாம்பல் சட்டை வரிசையில் நிற்கிறவர். தான் ஓடிவிடுவதாகச் சொன்னான். ஹோரெஸ் அவன் தோளைத் தட்டி, சரிப்பா, ஒருத்தன் ஓடினால்தான் பலகையில் எழுதினதும் பொய்யாகாது என்றார். சமாதானத்துக்குத்தான் சொன்னார், ஆனால் அது அவனுக்குச் சுருக்கென்று பட்டது.

வீட்டில்தான் நிஜமான சண்டை. ஹோரெஸின் மனைவி மாவிஸ் கோபம் வந்தாலும் சந்தோஷம் வந்தாலும் அவரைக் கிட்டிரெல் என்றுதான் கூப்பிடுவாள். அவள் கேட்டது ஒரே கேள்வி. "அவங்க துப்பாக்கில வெறும் வெடிமருந்துதான், குண்டு இல்லைன்னு யாரு பாத்தது, கிட்டிரெல்? ஓடறவனைப் பாத்துச் சுட்டாலும் வானத்தைப் பாத்துச் சுடுவாங்க. நீ கையத் தூக்கிட்டு மூஞ்சிக்கு நேரா நிக்கப்போற." சாம்பல் சட்டை வரிசையில் இரண்டு மூன்று வருஷமாகப் புதுசு புதுசாக ஆட்கள் வருகிறார்கள், வேட் மாதிரி பழகின முகங்கள் இல்லை, கண்ணைப் பார்த்துப் பேசாத ஆட்கள். அது ஹோரெஸுக்கும் தெரியும். தான் அந்தப் பூங்கா பக்கம் தலைவைத்துப் படுக்கப் போவதில்லை என்று மாவிஸ் சொல்லிவிட்டாள். சொன்னவள், அவர் சட்டையில் தொங்கிக்கொண்டிருந்த பித்தளைப் பொத்தானைப் பல்லால் நூலைக் கடித்து இறுக்கித் தைத்தும் வைத்தாள்.

ஆகவே சீட்டு எடுத்த அன்றைக்கு ஹோரெஸ் ஓக் சரிவிலும் மில்லிலும் என்ன செய்தார் என்று அவருக்கே நினைவில்லை. சுடு என்றார், சுட்டார்கள். நட என்றார், நடந்தார்கள். செத்தவர்கள் வழியெல்லாம் விழுந்து நிழல் பார்த்துப் படுத்துக்கொண்டார்கள். ஜனங்கள் ஐஸ் டப்பாவை உருட்டிக்கொண்டு கூடவே வந்தார்கள். அவருக்குள், அறுபத்தாறு வயசில் இது வேண்டாத வேலை என்று ஒரு மனசு, இப்போது விட்டால் எப்போது என்று ஒரு மனசு.

பாலம் வந்தது. ஓடையின் நடுவே கல் அடுக்கி மண் நிரப்பின தரைப்பாலம், ஒரு வண்டி போகிற அகலம், இரண்டு பக்கமும் இடுப்பளவுத் தண்ணீர். நீலச் சட்டைக்காரர்கள் அதன்மேல் ஏறினார்கள். இக்கரையில் ஜனங்கள். அவர்களுக்கு முன்னால் சாம்பல் வரிசை. நாலு வெடி வெடித்து, புகை கலைந்தது. இப்போது ஓட வேண்டும். கோர்டெல் ஓடினான். அவன் ஒருவன் மட்டும் பாலத்தைத் தாண்டி, குன்றில் ஏறி, பாதியில் திரும்பிப் பார்த்தான். பின்வாங்கிய படை என்றால் அவன் ஒருவன்தான்.

ஹோரெஸ் உத்தரவு கொடுத்தார். துப்பாக்கிகள் கல்லின்மேல் இறங்கின. கைகள் உயர்ந்தன.

கூட்டத்தில் யாரோ கைதட்டி, யாரும் சேராததால் நிறுத்திக்கொண்டார்கள். சாம்பல் வரிசையில் ஒருத்தனும் அசையவில்லை. அவர்களுடைய நாடகத்தில் இந்தக் காட்சி இல்லை. வேட் வரிசையை விட்டு நாலு எட்டு முன்னால் வந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"ஹோரெஸ், என்னப்பா இது? குன்றுக்கு ஓடணும்ல?"

"சரணடையறோம், வேட். அன்னிக்கு இதுக்கப்புறம் என்ன செஞ்சாங்களோ அதைச் செய்."

"நான் யாரையும் ஒண்ணும் செய்யலையே."

"நீ செய்யலைன்னு எனக்குத் தெரியும். செஞ்சவன் சட்டையை நீதானே ஆசையா வாங்கிப் போட்டிருக்க."

வேட் நல்லவன்தான். ஹோரெஸின் பஸ் பனியில் சிக்கினபோது டிராக்டர் கொண்டுவந்து இழுத்துவிட்டவன். ஆனால் எந்தப் பேச்சிலும் கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாகவே அதுவரை காலம் தள்ளிவிட்டான். இன்றைக்கு நழுவ இடமில்லை. பின்னால் அவனுடைய வரிசை, முன்னால் தூக்கின கைகள். அவன் திரும்பித் தன் ஆட்களிடம் துப்பாக்கியை இறக்கச் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் வரிசையில் எங்கிருந்தோ ஒரு துப்பாக்கி வெடித்தது.

யார் சுட்டது, தெரியாது. கை தவறியதா, வேண்டுமென்றேவா, வானத்தைப் பார்த்தா, நேராகவா, அதுவும் தெரியாது. பிறகு விசாரிக்க வந்த ஷெரீப்பின் போலீஸ்காரர் ஒவ்வொருவனையும் கேட்டும் ஒருத்தனும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த ஒரு கணம் ஹோரெஸ் மெய்யாகவே தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார். ஈரமாக இருந்தது, வேர்வை. ஐயோ என்று இருந்தது அவருக்கு, வெட்கமாக இல்லை, பயமாகத்தான் இருந்தது, அந்தப் பயத்தோடேயே முழங்காலை மடக்கி விழுந்தார். இடுப்பு கல்லில் போய் மோதியது. அவருக்குப் பின்னால் பர்னல் விழுந்த சத்தம் மாவு மூட்டை சரிந்த மாதிரி கேட்டது. அப்புறம் மற்றவர்கள். பாலம் நெடுக, குறுக்கும் நெடுக்குமாக, ஒருவர் காலில் ஒருவர் தலையாக.

பியூகிள் ஊதினார்கள். ஊதியது ஓய்வு பெற்ற ஒரு பல் டாக்டர், நன்றாகவே ஊதுவார். ஓக் சரிவிலிருந்தும் மில் பக்கமிருந்தும் செத்தவர்கள் எழுந்து, கொட்டாவி விட்டுக்கொண்டு, பூச்சியைத் தட்டிக்கொண்டு கைகுலுக்க வந்தார்கள். பாலத்தருகே வந்து நின்றார்கள். ஜனங்கள் பாதி சிரிப்போடு பார்த்துக்கொண்டிருந்தார்கள், கிழவர்கள் தமாஷ் பண்ணுகிறார்கள் என்று. சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கியது. ஒலிபெருக்கியில் மிஸ் கார்லீன், நம்முடைய வீரர்களுக்கு ஒரு பெரிய கைதட்டல், அக்கரையில் சாப்பாடு தயார் என்றார். யாரும் தட்டவில்லை.

அந்தம்மா முதலுதவிக்காரனை இழுத்துக்கொண்டு ஓடிவந்தார். நிஜமாகவே பதறிப்போயிருந்தார், அதையும் சொல்ல வேண்டும். முதலுதவிக்காரன் குனிந்து ஹோரெஸின் மணிக்கட்டைப் பிடித்தான். அவனும் பஸ்ஸில் வந்த பையன்தான். நடு வரிசை, ஜன்னல் ஓரம். மிஸ்டர் ஹோரெஸ், நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டான்.

"எனக்கு ஒண்ணுமில்ல தம்பி. செத்துக் கெடக்கிறேன், அவ்வளவுதான்."

அவன் கையை விட்டான், யார்மேலும் ரத்தம் இல்லை. மிஸ் கார்லீன் அருகில் குந்தினார். பேச்சில் வழிந்த வெண்ணெய் உருகிப் போயிருந்தது. ஜனங்களுக்குப் பசிக்கிறது, நீங்கள் சொல்ல வந்ததைச் சொல்லியாகிவிட்டது, எல்லோருக்கும் புரிந்துவிட்டது, போதும், எழுந்திருங்கள் என்றார்.

"நான் ஒண்ணும் சொல்லலையே. அந்தப் பலகையில இருக்கிற கடைசி வரியை மைக்கில படிங்க, மிஸ் கார்லீன். எங்களைப் பாத்துக்கிட்டே படிங்க. படிச்சு முடிச்சா எந்திரிச்சிடறோம்."

அந்தம்மா எழுந்து பலகையைப் பார்த்தார். கையில் மைக் இருந்தது. ஒரே வரி, சின்ன வரி. மதியத்துக்குள் காவல் படை பின்வாங்கியது. பாலத்தைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், மைக்கை வாயருகே கொண்டுபோனார். மூச்சு மட்டும் ஒலிபெருக்கியில் பெரிசாகக் கேட்டது. அப்புறம் மைக்கை இறக்கிவிட்டு, இன்னொரு தடவை ஊதுங்கள் என்று பல் டாக்டரைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

பல் டாக்டர் இரண்டாவது தடவையும் ஊதினார். அப்போதுதான் குன்றிலிருந்து கோர்டெல் இறங்கி வந்தான். கைகுலுக்க வருகிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவனுடைய மேலதிகாரி சாம்பல் சட்டையில் அக்கரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோர்டெல் பாலத்தில் ஏறி, தன் துப்பாக்கியை மற்றவற்றின் பக்கத்தில் வைத்தான். காலியாகக் கிடந்த ஓர் இடம் பார்த்து, இறந்தவர்கள் எழுவதற்காக ஊதின அந்தப் பியூகிள் முடிவதற்குள், படுத்துக்கொண்டான்.

ஹோரெஸின் இடுப்பில் ஊசி ஊசியாக இறங்கியது. ஒரு எறும்பு காதுக்குள் போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. கன்னம் கல்லோடு கல்லாக இருந்ததால் அவருக்குத் தெரிந்தவை கால்கள் மட்டும். அந்தக் கால்களுக்கு நடுவே, தேவாலயத்துக்குப் போடுகிற கறுப்புச் செருப்பு ஒரு ஜோடி வந்து அவர் மூக்கருகே நின்றது. தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்றவள் வந்திருந்தாள். எங்கே நின்று பார்த்தாளோ, அந்த வெடிச் சத்தம் கேட்டபோது என்ன ஆனாளோ.

"இடுப்பு," என்றார் அவர், உதடு அசையாமல்.

"செத்தவனுக்கு இடுப்பு வலிக்காது, கிட்டிரெல்," என்றாள் மாவிஸ். "பேசாம படு."

அவள் நகரவில்லை. குடையை விரித்து அவர் முகத்துக்கு மேல் பிடித்துக்கொண்டு, ஜனங்கள் பக்கம் திரும்பி நின்றாள். எழுந்திரு என்று இனி யாராவது சொல்வதானால் அவளைத் தாண்டித்தான் சொல்ல வேண்டும்.

வெயில் ஏறியது. அக்கரையிலிருந்து கறி சுடுகிற வாசனை வந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் சிணுங்க ஆரம்பித்தார்கள். வண்டி நிறுத்தத்துக்குச் சுற்றிக்கொண்டு போனால் காட்டுப்பாதையில் வெகு தூரம். சாப்பாடும் கழிப்பறையும் பாலத்துக்கு அந்தப் பக்கம். முதலில் ஒரு வெளியூர்க்காரர் துணிந்தார். மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு பாலத்தில் ஏறி, படுத்திருந்தவர்களை ஒவ்வொருவராகத் தாண்டினார். மரியாதை தெரிந்த மனுஷர். ஒவ்வொரு உடம்பைத் தாண்டும்போதும், மன்னிக்கணும், மன்னிக்கணும் என்று சொல்லிக்கொண்டே போனார். பர்னலின் விரலை அவருடைய ஷூ மிதித்தது. பர்னல் அசையவில்லை. செத்தவர் குறட்டைவிட்டார் என்று சிரித்த ஊர் அதைப் பார்த்தது. அந்த மனிதர் அக்கரை சேர்ந்து திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் யாரும் வரவில்லை.

பிறகு ஹோரெஸுக்குத் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. கண்ணை மட்டும் திருப்பினார். பஸ்ஸில் வளைவு வந்தால் வாந்தி எடுத்த பெண், இப்போது முப்பது வயசுக்காரி, ஒரு கையில் செருப்பையும் இன்னொரு கையில் குழந்தையையும் தூக்கிக்கொண்டு பாலத்துக்குப் பக்கத்தில் ஓடைக்குள் இறங்கிக்கொண்டிருந்தாள். குளிர்ந்த தண்ணீர், இடுப்புவரை ஏறியதும் வாய்விட்டு மூச்சை இழுத்தாள். அவரைப் பார்க்கவில்லை, நேராகப் பார்த்துக்கொண்டு நடந்தாள். அவள் பின்னால் அவள் புருஷன், ஐஸ் டப்பாவைத் தலையில் வைத்துக்கொண்டு. அதற்குப் பின்னால் ஒரு கிழவர், பேன்ட்டைச் சுருட்டிப் பார்த்து, பிரயோஜனம் இல்லை என்று விட்டுவிட்டு அப்படியே இறங்கினார். மரியாதைக்காக இறங்கினார்களா, சங்கடத்துக்குப் பயந்து இறங்கினார்களா, யார் கண்டது. அவர்களுக்கே தெரிந்திருக்காது. ஒருவர் இறங்க ஒருவர் இறங்க, பாலத்தின் இரண்டு பக்கமும் ஓடை தலைகளால் நிறைந்தது. மடக்கு நாற்காலிகளும் கைப்பைகளும் செருப்புகளும் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தன.

மிஸ் கார்லீன் இக்கரையில் பலகைக்குப் பக்கத்தில் மைக்கோடு நின்றார். சாம்பல் வரிசையில் பாதிப் பேர் காட்டுப்பாதை வழியே வண்டிக்குப் போய்விட்டார்கள். வேட் போகவில்லை. பாலத்தின் முனையில் அவனுடைய பூட்ஸ், ஹோரெஸின் கண்ணுக்கு நேர் எதிரே, வெகு நேரமாக அப்படியே நின்றிருந்தது. ஒருதரம் அது முன்னால் ஓர் எட்டு வைத்தது, மறுபடி பின்னால் போயிற்று. பல் டாக்டர் யாரும் சொல்லாமலேயே பியூகிளை மூன்றாவது தடவை வாய்க்குக் கொண்டுபோய், எதிரே தண்ணீரில் போகும் ஜனங்களைப் பார்த்து, இறக்கிவிட்டார்.

ஹோரெஸ் கண்ணை மூடவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. நடந்தவர்கள் கிளப்பின அலை பாலத்தின் கல்லில் ஏறி, அவர் கன்னத்தை நனைத்து, திரும்ப இறங்கிப் போயிற்று.